கத்திரி வெயிலில் கொங்கு நாடு: மதியம் மெஸ், மாலை குளிர்ந்த ஒயின்

சித்திரை, வைகாசியில் கோவை, ஈரோடு, சேலம் பக்கம் இரண்டு நாள் சுற்ற வருகிறவர்கள், கடையைத் தேடும் முன் நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஈரோடு, கரூர், சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிடைப்பதால் கோவை இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்தை நம்பி நடுமதியத்தில் ஒயின் குடிக்க உட்காரக் கூடாது. காலையில் தெளுவும் டிபனும், பன்னிரண்டேகாலுக்கு மெஸ், மூன்று முதல் ஐந்து வரை நிழல், ஏழு மணிக்கு மேல் ஒயின். இந்த வரிசை மாறினால் வயிறும் தலையும் சேர்ந்தே கெடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நல்ல கொங்குச் சாப்பாடு கிடைக்கும் இடத்தில் ஒயின் இருக்காது. ஒயின் இருக்கும் இடத்தில் கொங்குச் சாப்பாடு பெரும்பாலும் அரைகுறையாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் சேர்ப்பதற்கு வழி உண்டு. ஆனால் முன்கூட்டியே திட்டமிட்டால்தான் முடியும்.

காலை: தெளுவு, அப்புறம் சாம்பார்

தெற்கே பதநீர், பதனி என்று சொல்வதைக் கொங்கில் தெளுவு என்பார்கள். காங்கேயம், தாராபுரம், உடுமலை சாலைகளின் ஓரத்தில் கோடையில் விற்பார்கள். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டி, விடியும் முன் இறக்குவார்கள். சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் நிறுத்தி வைக்கிறது. வெயில் ஏறிவிட்டால் அந்தக் காவல் அதிக நேரம் நிற்காது. அதனால் ஆறிலிருந்து எட்டு மணிக்குள் குடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பிளாஸ்டிக் கேனில் ஐஸ் போட்டு விற்பதை வாங்காதீர்கள். அது ஒன்று புளித்திருக்கும், இல்லாவிட்டால் சர்க்கரைத் தண்ணீர் கலந்திருக்கும். நல்ல தெளுவில் லேசான பனை வாசம் இருக்கும், இனிப்பு தொண்டையில் ஒட்டாது. நாக்கு எரிந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று அர்த்தம். அடுத்த ஆளிடம் போங்கள். ஓலைப்பட்டையில் ஊற்றி, இரண்டு நுங்கைப் பிதுக்கிப் போட்டுத் தந்தால் காலைப் பசியில் பாதி அடங்கிவிடும்.

தெளுவையும் கள்ளையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். சுண்ணாம்பில்லாத பானையில் புளித்தால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. தடையை நீக்கக் கேட்டுக் கொங்கு விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். வாளையாறு தாண்டினால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருக்கின்றன. அங்கே குடிக்கலாம், புட்டியில் அடைத்து இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது.

டிபனுக்குக் கோவையில் அன்னபூர்ணா. 1968-இல் தொடங்கியது. ஊருக்குள் பல கிளைகள் இருப்பதால் அலைய வேண்டியதில்லை. அங்கே சாப்பிட வேண்டியது சாம்பார் இட்லியும் காபியும். சாம்பார் சற்று இனிப்பாக இருக்கும். அதுதான் அதன் அடையாளம். எட்டரை மணிக்கு மேல் கூட்டம் சேரும். ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கே போய்விடுங்கள்.

மதியம்: மெஸ்ஸில் எப்படிச் சாப்பிடுவது

கொங்கு மெஸ் என்பது மதியச் சாப்பாட்டுக்கான இடம். இரவிலும் திறந்திருக்கும் கடைகள் உண்டு. ஆனால் மதியம் வைத்த குழம்புக்குத்தான் ருசி. பன்னிரண்டேகாலுக்குள் போய்விட வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. குடல், தலைக்கறி, ரத்தப்பொரியல், ஈரல் எல்லாம் குறைந்த அளவில்தான் செய்வார்கள். ஒன்றரை மணிக்குத் தீர்ந்துவிடும். இரண்டரைக்குப் போகிறவருக்குச் சோறும் குழம்பும்தான் மிச்சம் இருக்கும்.

உட்கார்ந்ததும் முதலில் தொடுகறி விலையைக் கேளுங்கள். சோறு, குழம்பு, ரசம், தயிர் ஒரு விலையில் வந்துவிடும். தட்டில் எடுத்து வந்து நீட்டும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை. இருவர் போனால் மூன்று தொடுகறி போதும். ஒரு ஆட்டுக்கறி, ஒரு கோழி, ஒரு குடல். அதற்கு மேல் வாங்கினால் வெயிலில் செரிக்காது.

குழம்பைப் பாருங்கள். கொங்குக் கறிக்குழம்பு தண்ணியாகத்தான் இருக்கும். கெட்டியாகவும் கருஞ்சிவப்பாகவும் இருந்தால் அது வேறு ஊர்ச் சமையல். மல்லி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், கொஞ்சம் தேங்காய், இவற்றை வதக்கி அரைத்து ஊற்றுவது இங்கே வழக்கம். அரைக்கும் மசாலாவுக்குச் 'செலவு' என்று பெயர். அதே செலவைத் தட்டிப் போட்டு வைப்பது செலவு ரசம். வெயில் நாளில் அதை விடவும் பொருத்தமானது பச்சைப்புளி ரசம். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், வரமிளகாய், சீரகம் நசுக்கிப் போட்டு, அடுப்பில் ஏற்றாமலே கலப்பது. எல்லாக் கடையிலும் கிடைக்காது; கேட்டுப் பாருங்கள், இருந்தால் இரண்டு முறை வாங்குங்கள்.

ஈரோட்டில் காவிரிப் பாலம் தாண்டினால் பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம். பள்ளிபாளையம் சிக்கன் இன்று எல்லா ஊர்ப் பலகையிலும் எழுதியிருக்கிறது. உண்மையானதை அடையாளம் காண்பது எளிது. கோழி சிறு சிறு துண்டாக இருக்கும். கிள்ளிய வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல்லு, மஞ்சள், உப்பு, எண்ணெய், இவ்வளவுதான். மசாலாத்தூள் சேராது. மிளகாயின் விதையைத் தட்டிவிட்டுப் போடுவதால் பார்வைக்குக் காரமாகத் தெரிந்தாலும் வாயில் தாங்கும். தண்ணீரை அதிகம் ஊற்றாமல், கோழியின் சாற்றிலேயே வேகவிட்டுச் சுருள எடுப்பார்கள். தட்டில் சிவப்புக் குழம்பு ஒட்டியிருந்தாலோ கரம் மசாலா வாசம் அடித்தாலோ அது பெயரளவில்தான் பள்ளிபாளையம். ஈரோட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் 1960-இல் இங்கே தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா இருக்கிறது. இன்று பல ஊர்களில் அதன் கிளைகள் உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அரிசிம்பருப்புச் சோறு. அரிசியையும் துவரம்பருப்பையும் சேர்த்துச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் போட்டு ஒரே பானையில் வேகவைப்பது. இறக்கியதும் ஊத்துக்குளி நெய் ஒரு கரண்டி. கொள்ளுப்பருப்பும் நன்றாக இருக்கும். ஆனால் கொள்ளு சூடு என்பது இங்குள்ள வீட்டு வழக்கு. கத்திரியில் பலர் தவிர்ப்பார்கள். மாலையில் கிடைத்தால் சந்தவையும் (இடியாப்பம் போன்றது) தேங்காய்ப்பாலும் சாப்பிடுங்கள். தேங்காய்ப்பாலைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகாதீர்கள். வெயிலில் இரண்டு மணி நேரத்தில் அது திரிந்துவிடும்.

சாப்பிட்டு முடித்ததும் ஐஸ் போட்ட குளிர்பானம் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து இளநீர். பொள்ளாச்சிக் காய் கோவை முழுக்கக் கிடைக்கிறது. வெயிலில் கிடந்த குலையிலிருந்து வெட்டாமல், சாக்குப்போட்டு மூடிய அடிக்குலையிலிருந்து கேளுங்கள். தண்ணீரின் குளிர்ச்சியிலேயே வித்தியாசம் தெரியும்.

ஒயின் எங்கே கிடைக்கும்

தமிழ்நாட்டில் 'ஒயின் ஷாப்' என்று மக்கள் சொல்வது மதுக்கடையை. அங்கே ஒயினுக்கு இடம் குறைவு. பிராந்தி, ரம், பீருக்கு நடுவே ஒன்றிரண்டு புட்டி இருந்தால் உண்டு. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக் மட்டுமே நடத்துகிறது. கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒயின் வேண்டுமென்றால் சாதாரணக் கடையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். டாஸ்மாக்கின் எலைட் கடைக்குப் போங்கள். அங்கே அலமாரியில் பார்த்து எடுக்கலாம். புட்டியைக் கையில் வாங்கியதும் மூன்றைப் பாருங்கள். தக்கை வாய்க்கு மேலே துருத்தியிருந்தால் புட்டி எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது, வேண்டாம். கழுத்தில் ஒழுகிய கறை இருந்தாலும் அதே காரணம்தான். வெள்ளை ஒயின் பழுப்பு நிறமாக மாறியிருந்தால் காலம் கடந்துவிட்டது. நம் நாட்டு வெள்ளை ஒயினையும் ரோஸ் என்னும் இளஞ்சிவப்பு ஒயினையும் தயாரித்த இரண்டு வருடத்துக்குள் குடிப்பது நல்லது. புட்டியின் முகப்பில் வருடம் இருக்கும்.

உட்கார்ந்து குடிக்க, கோவையில் ரேஸ்கோர்ஸ், அவினாசி சாலையில் உள்ள நட்சத்திர விடுதிகள்தான் இடம். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் மாலை ஆறரைக்கு ஒரு சுற்று நடந்துவிட்டு ஏழரைக்கு உள்ளே போவது இதமாக இருக்கும். ஈரோடு, திருப்பூர், கரூரில் விடுதி பார்கள் உண்டு. ஆனால் ஒயின் வகை குறைவு. திறந்து பல நாளான புட்டியிலிருந்து ஊற்றிவிடும் ஆபத்தும் அதிகம். ஆகவே தங்குவது கோவையிலும், ஈரோடு போய்வருவது பகலிலும் இருக்கட்டும். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 100 கிலோமீட்டர். ரயிலில் போய்வருவது சுலபம்.

விடுதியில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கிளாஸில் தருவீர்களா, புட்டியாகத்தானா? கிளாஸ் என்றால் எத்தனை மில்லி? 750 மில்லி புட்டியில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். நான்கு கிளாஸ் விலையில் ஒரு புட்டி கிடைத்தால் மூன்று பேருக்குப் புட்டியே மேல். கிளாஸில் வாங்கினால், இந்தப் புட்டியை எப்போது திறந்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். மூடி வைத்துக் குளிர்பெட்டியில் இருந்தால் மூன்று நாள் தாங்கும். கவுன்டரில் வெளியே இருந்தால் கோவைச் சூட்டில் ஒரே நாளில் காடி வாசம் ஏறிவிடும். கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு, விலைக்கு மேல் வரி எவ்வளவு என்பதையும் உட்காரும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

தேதியையும் பாருங்கள். மே 1 மதுக்கடைகளுக்கு விடுமுறை. பங்குனி, சித்திரையில் வரும் மகாவீர் ஜெயந்தியும் அப்படித்தான். அந்த நாட்களில் விடுதி பார்களும் மூடியிருக்கும். தேர்தல் நடக்கும் கோடை என்றால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் எதுவும் கிடைக்காது. மே தின விடுமுறையைச் சேர்த்துப் பயணம் போடுகிறவர்கள் அதிகம். அவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுவார்கள்.

குளிர்ச்சி

கொங்குக் கோடையில் ஒயின் கெடுவதற்கும் ருசிக்காமல் போவதற்கும் சூடுதான் முதல் காரணம். 'அறை வெப்பத்தில் சிவப்பு ஒயின்' என்ற பேச்சு குளிர்நாட்டுக் கல் வீடுகளுக்குப் பொருந்தும். அங்கே அறை என்றால் 16, 18 டிகிரி. மே மாதத்தில் இங்கே அறை 33 டிகிரி. அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். பழ வாசம் அடங்கிவிடும்.

நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 10, ரோஸுக்கு 10 முதல் 12, சிவப்புக்கு 15, 16 டிகிரி. வெப்பமானி தேவையில்லை. வெளியே வைத்த வெள்ளை ஒயின் புட்டியில் உடனே வியர்வை பூத்து, கையில் பிடிக்கச் சில்லென்று இருந்தால் சரியான பதம். சிவப்பு ஒயின் புட்டி, மண்பானைத் தண்ணீரை விடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால் போதும்.

அறையில் குளிர்விக்கும் முறை இது. விடுதியில் ஒரு வாளி ஐஸ் கேளுங்கள். பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. புட்டியைக் கழுத்து வரை மூழ்க வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுங்கள். வெள்ளை 20 நிமிடம், சிவப்பு 12 முதல் 15 நிமிடம். பலரும் செய்யும் தவறு வெறும் ஐஸில் புட்டியை நட்டு வைப்பது. கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்பதால் குளிர் ஏறாது. தண்ணீர்தான் குளிரைப் புட்டிக்குக் கொண்டு சேர்க்கும். அறையில் உள்ள சின்ன ஃபிரிட்ஜை நம்பினால் நாலு மணி நேரமாவது ஆகும். காலையிலேயே வைத்துவிட்டு, அறைச் சாவியோடு மின்சாரமும் நின்றுவிடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்தால் புட்டி வெடிக்கும்.

வாங்கிய புட்டியைக் காரில் விட்டுவிட்டு மெஸ்ஸுக்குள் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு வெளியை விட மிக அதிகமாக ஏறும். ஒரு மணி நேரத்தில் ஒயின் வெந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு குளிர்வித்தாலும் ருசி திரும்பாது. சாப்பிட்டுவிட்டுப் புட்டி வாங்குங்கள், வாங்கியதும் அறைக்குப் போங்கள்.

கிளாஸில் ஊற்றும்போது 80, 100 மில்லிக்கு மேல் வேண்டாம். மீதி வாளியிலேயே இருக்கட்டும். நிறைய ஊற்றினால் கடைசி மடக்கு வெதுவெதுப்பாகத்தான் வாய்க்கு வரும். ஒயினுக்குள் ஐஸ் போடுவதைத் தவிருங்கள். நீர்த்துப்போய் புளிப்பு மட்டும் நிற்கும்.

கொங்குக் கறிக்கு எந்த ஒயின்

மிளகாய்க் காரத்தைச் சாராயம் கூட்டும். எரியும் வாயில் 14 சதவீத ஒயின் பட்டால் இன்னும் எரியும். சிவப்பு ஒயினில் உள்ள துவர்ப்பு காரத்தோடு சேர்ந்தால் கசப்பாகத் திரும்பும். இனிப்பும் குளிர்ச்சியும் காரத்தைத் தணிக்கும். இந்த மூன்றும் தெரிந்தால் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பள்ளிபாளையம் சிக்கனுக்குச் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். நாசிக் பக்கத்துச் சுலா தயாரிப்பதில் லேசான இனிப்பு இருக்கும். வரமிளகாய்க்கும் தேங்காய்ப் பல்லுக்கும் அது சரியாகப் பொருந்தும். 1999-இல் தொடங்கிய நிறுவனம் என்பதால் பெரும்பாலான ஒயின் பட்டியலில் பெயரைப் பார்க்கலாம். ஆட்டுக்கறி வறுவலுக்குச் சிவப்பு ஒயின்தான் வேண்டுமென்றால் ஷிராஸ் வகை, ஆனால் குளிர்வித்தது. மிளகுக் காரத்துக்கு அது ஒத்துப்போகும், வரமிளகாய்க்கு ஒத்துப்போகாது. கேபர்னே சாவினியோன் என்ற சிவப்பு ஒயினை இந்த ஊர்க் கறியோடு வைக்காதீர்கள்; அதன் துவர்ப்பு செலவு மசாலாவோடு முட்டும். சேலத்தில் தட்டுவடை செட் (தட்டுவடைகளுக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்தது) வாங்கியிருந்தால் நுரைக்கும் ஒயின் அருமையான ஜோடி. மொறுமொறுப்பும் உப்பும் சட்னிப் புளிப்பும் அந்த நுரையில் துலங்கும். ஆனால் அதைச் செட்டாக வாங்கினால் பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். தட்டுவடையைத் தனியே, துருவலைத் தனியே, சட்னியைத் தனியே கட்டித் தரச் சொல்லுங்கள். ஒப்பிட்டுக்கு (போளி) இனிப்பு ஒயின் கிடைத்தால் சின்னக் கிளாஸில் 60 மில்லி. ஒயின் ஒப்பிட்டை விட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புளிக்கும். ரசத்துக்கும் ரோட்டுக்கடைக் காளானுக்கும் ஒயின் வேண்டாம்.

மெஸ்ஸுக்குப் புட்டியை எடுத்துப் போக முடியாது. உரிமம் இல்லாத இடத்தில் குடிப்பது குற்றம், கடைக்காரருக்கும் தொல்லை. ஆகவே கறியைத்தான் அறைக்குக் கொண்டுவர வேண்டும். வெளியிலிருந்து சாப்பாடும் மதுவும் கொண்டுவர அனுமதி உண்டா என்று அறை பதியும்போதே கேட்டுவிடுங்கள். மாலை ஆறரைக்குச் சுடச்சுடச் செய்ததாக வாங்குங்கள், மதியம் மிஞ்சியதை அல்ல. வாழையிலையில் கட்டி, மேலே காகிதம் சுற்றித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் ஆவி இறங்கி வறுவல் ஊறிவிடும். தேங்காய் சேர்ந்த எதையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். அறையில் தக்கை திறக்கும் திருகாணி இருக்காது. மூடி திருகும் புட்டியாக வாங்கினால் அந்தத் தேடல் மிச்சம்.

குடிக்கத் தொடங்கும் முன் உப்புப் போட்ட மோர் அரை லிட்டர். பகல் முழுக்க வியர்த்த உடம்பில் ஒயின் சீக்கிரம் ஏறும், இருக்கும் தண்ணீரையும் வெளியேற்றும். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர். ஒருவருக்கு இரண்டு கிளாஸோடு நிறுத்துங்கள். வண்டி ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம். சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். இரண்டு கிளாஸிலேயே அதைத் தாண்டிவிடலாம். முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். திரும்பிப் போக வாடகைக் காரை முன்பே சொல்லி வையுங்கள்.

குடிக்காதவர் உடன் இருந்தால் அவருக்காக அன்று பகலிலேயே பன்னீர்த் திராட்சை அரைக் கிலோ வாங்கி வையுங்கள். கழுவி, கையால் நசுக்கி, விதை உடையாமல் வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அதே ஐஸ் வாளியில் குளிர்வியுங்கள். மிக்ஸியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும். சின்னக் கிளாஸ் இரண்டு வரும். அதையும் பள்ளிபாளையம் சிக்கனோடு வைக்கலாம்.